144 சொற்களும் ஒரு கடுப்பும்: 'ஹௌ வீ ஃபீல்' செயலி விமர்சனம்

சின்ன விஷயத்துக்குப் பெரிதாக எரிந்து விழுவது, யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியை மூன்று நாள் மென்றுகொண்டிருப்பது, பதிலடி கொடுக்க வேண்டிய இடத்தில் கண்ணில் நீர் முட்டி நிற்பது. 'எனக்கு ஏன் இப்படி வருகிறது?' என்று கேட்பவர்களுக்காகக் கடை விரித்திருக்கும் செயலிகள் ஏராளம். பெரும்பாலானவை ஐந்து பொம்மை முகங்களைக் காட்டி 'இன்று எப்படி?' என்று கேட்கும், மாதக் கடைசியில் ஒரு வண்ணக் கோடு வரைந்து கொடுக்கும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

'ஹௌ வீ ஃபீல்' அந்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது. இலவசம், விளம்பரம் கிடையாது, ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் வேலையை இதைவிட நன்றாகச் செய்யும் கருவி இந்த விலைக்கு, அதாவது சும்மா, கிடைப்பது அரிது. ஆனால் பலமான எதிர்வினைகளைப் புரிந்துகொள்ளப் பெயர் பாதி வேலைதான். மீதிப் பாதியை இந்தச் செயலி நம் தலையில் கட்டிவிடுகிறது. அதுவும் தமிழில் யோசிப்பவர்களுக்கு ஒரு பங்கு கூடுதலாக. அந்த மீதியை எப்படிச் செய்துகொள்வது என்பதற்காகத்தான் இந்த விமர்சனம் இவ்வளவு நீளம்.

பெயரின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2020-இல் இதே பெயரில் வந்த செயலி கேட்டதெல்லாம் காய்ச்சல், இருமல் பற்றித்தான். கொரோனா எங்கே பரவுகிறது என்று கண்டறிய, பின்ட்ரெஸ்ட் நிறுவனர்களில் ஒருவரான பென் சில்பர்மன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து தொடங்கியது அது. பிறகு அதே லாப நோக்கற்ற அமைப்பு, யேல் பல்கலைக்கழகத்தின் உணர்ச்சி நுண்ணறிவு மையத்தை நடத்தும் மார்க் பிராக்கெட்டோடு கைகோத்து, 2022-இல் இப்போதைய வடிவத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆப்பிள் தன் ஆப் ஸ்டோர் விருதுகளில் பண்பாட்டுத் தாக்கத்துக்கான பிரிவில் இதற்கும் ஒன்றைக் கொடுத்தது.

திறந்ததும் என்ன நடக்கிறது?

செயலி முதலில் உணர்ச்சியின் பெயரைக் கேட்பதில்லை. நான்கு வண்ணங்களைக் காட்டுகிறது. சிவப்பு: உடலில் வேகம் அதிகம், மனதுக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள்: வேகம் அதிகம், பிடித்திருக்கிறது. நீலம்: வேகம் குறைவு, பிடிக்கவில்லை. பச்சை: வேகம் குறைவு, பிடித்திருக்கிறது. உணர்ச்சிகளை இப்படி இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்ப்பது உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1980-இல் வரைந்த வட்டத்திலிருந்து வருகிறது.

இந்த வரிசை சாதாரணமானதாகத் தோன்றலாம். ஆனால் செயலியின் மிகப் பெரிய பலம் இதுதான். கொதிநிலையில் இருப்பவரிடம் 'உனக்கு என்ன உணர்வு?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றோ 'கோபம்' என்றோதான் பதில் வரும். 'உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறதா, தொய்ந்து கிடக்கிறதா?' என்று கேட்டால் யாரும் சொல்லிவிடலாம். தாடை இறுகியிருக்கிறதா, மூச்சு மேல் மார்பிலேயே நிற்கிறதா, கால் ஆடுகிறதா? அப்படியானால் வேகம் அதிகம். தோள் தொங்குகிறது, கண் எரிகிறது, எழுந்திருக்க மனமில்லை என்றால் வேகம் குறைவு. சண்டைக்கு நடுவில் சிவப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர் உடலைக் கவனித்த பிறகு நீலத்தைத் தொடுவது அபூர்வமல்ல. அங்கேயே முதல் முடிச்சு அவிழ்ந்துவிடும்: இவருக்கு வேண்டியது வாக்குவாதம் இல்லை, ஓய்வு.

வண்ணத்தைத் தொட்டால் சொற்கள் குமிழ்களாக விரியும். மொத்தம் 144. விரலை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கம் வரும். 'ப்ரஸ்ட்ரேட்டட்' என்றால் வேண்டியது ஒன்றுக்குக் குறுக்கே தடை விழுந்திருக்கிறது. 'இர்ரிடேட்டட்' என்றால் தடை எதுவும் இல்லை, ஏதோ ஒன்று உராய்ந்துகொண்டே இருக்கிறது. 'ஆங்ஷியஸ்' என்பது என்ன வரும் என்று தெரியாத கலக்கம். 'ஓவர்வெல்ம்ட்' என்பது என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தும் தாங்க முடியாத நிலை. இந்த வித்தியாசங்கள் இலக்கணத்துக்காக அல்ல. தடை என்றால் தடையை எடுக்க வேண்டும், உராய்வு என்றால் விலக வேண்டும், தெரியாமை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், சுமை என்றால் குறைக்க வேண்டும். நான்கையும் 'டென்ஷன்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் நான்கு மருந்தில் எதைக் கொடுப்பது?

பெயர் வைப்பதால் மட்டுமே ஏதாவது மாறுமா என்ற சந்தேகம் நியாயமானது. உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட மூளைப் பட ஆய்வில், உணர்ச்சியைக் காட்டும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குச் சொல் தேர்ந்தெடுத்தபோது ஆபத்தை உணர்ந்து எதிர்வினையைத் தூண்டும் மூளைப் பகுதியான அமிக்டாலாவின் செயல்பாடு தணிந்தது தெரிந்தது. உணர்ச்சிகளை நுணுக்கமாகப் பிரித்தறியும் திறனைப் பற்றி லிசா ஃபெல்ட்மன் பேரட் நெடுங்காலமாக எழுதிவருகிறார். செயலியின் அஸ்திவாரம் இந்த வகை ஆராய்ச்சிதான், வெறும் வண்ண விளையாட்டு இல்லை.

தமிழில் கோபித்துக்கொள்பவரின் சிக்கல்

இடைமுகத்தில் தமிழ் இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு இது ஒரு குறையா என்று கேட்கலாம். குறைதான். படித்த மொழியில் பெயர் சொன்னால் அது மேலோட்டமாகவே நிற்கும். திட்டு வாங்கிய மொழியில், கொஞ்சப்பட்ட மொழியில் பெயர் சொன்னால்தான் 'ஆமா, இதேதான்' என்று உள்ளே ஏதோ ஒன்று உட்காரும்.

அதோடு, 144-இல் நேர் இணை இல்லாத சொற்கள் நம்மிடம் நிறைய. கடுப்பு என்பது கோபமும் இல்லை, எரிச்சலும் இல்லை. சலிப்பு கலந்த, வெளியே காட்ட முடியாத கோபம் அது. மனத்தாங்கல் நெருக்கமானவர்மேல் மட்டும்தான் வரும். தெருவில் இடித்துவிட்டுப் போனவர்மேல் யாருக்கும் மனத்தாங்கல் வராது. 'இதை நான் சொல்லி யார் கேட்டார்கள்' என்பது ஆதங்கம். ரோஷம் தன்மானத்தில் பட்ட அடி. அடுத்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வருவது வயிற்றெரிச்சல். சொல்லாமல் அடக்கி அடக்கி உள்ளே புகைவது பொருமல். ஒரு நல்ல ஆள் தப்பு செய்யும்போது அவரிடம் எப்படிச் சொல்வது என்று நெளிவது சங்கடம். இவற்றையெல்லாம் செயலியின் 'ஆங்க்ரி', 'அனாய்ட்' குமிழ்களில் திணித்தால், எந்த நுணுக்கத்துக்காகச் செயலியை நிறுவினோமோ அதுவே போய்விடும்.

இந்த வகைப்படுத்தல் நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் பட்டியல் போடுகிறது. அதில் அழுகைக்கான காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. முதலில் நிற்பது இழப்பு இல்லை, இளிவு. அதாவது பிறர் நம்மை இழிவாக நடத்துவது. மேலாளரிடம் திட்டு வாங்கும்போது கோபப்பட முடியாமல் அழுகை வந்துவிடுகிறதே என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்கலாம். அங்கே அழுகை பலவீனத்தின் அடையாளமாக வைக்கப்படவில்லை, இன்ன காரணத்துக்கு இன்ன விளைவு என்ற கணக்கில் வருகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. வண்ணத்தைச் செயலியில் தொடுங்கள். குமிழ்களில் மிக நெருக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு குறிப்பு எழுதும் பெட்டியில் முதல் சொல்லாகத் தமிழ்ப் பெயரை எழுதுங்கள். 'கடுப்பு', 'ரோஷம்', 'ஆதங்கம்'. ஊர்ப் பேச்சு, சாதாரணப் பேச்சு எதுவாக இருந்தாலும் சரி. எப்போதும் முதல் சொல்லாக எழுதுவதற்குக் காரணம் உண்டு: பின்னால் பதிவுகளைப் புரட்டும்போது கண் அங்கேயே போய் நிற்கும். செயலி தன் வரைபடங்களில் அந்தச் சொல்லை எண்ணித் தராது, மாதம் ஒருமுறை கையால் எண்ண வேண்டியதுதான். பத்து நிமிட வேலை.

சிவப்பில் இருக்கும்போது திறக்காதீர்கள்

செயலியைப் பயன்படுத்துவதில் பலரும் செய்யும் முதல் தவறு, உச்சத்தில் கையில் எடுப்பது. அந்த நேரத்தில் கவனம் குறுகிப்போயிருக்கும், எதிராளியின் குற்றத்துக்கு ஆதாரம் மட்டுமே கண்ணில் படும், எழுதுவது குற்றப்பத்திரிகையாகத்தான் இருக்கும். தம்பதியர் சண்டைகளை ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் நிலையில் பேச்சை நிறுத்திக் குறைந்தது 20 நிமிடம் இடைவெளி விடச் சொல்வார். உடல் தணிய அவ்வளவு நேரமாவது பிடிக்கும் என்பதுதான் காரணம். அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். விரலை மணிக்கட்டில் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் துடிப்பு தெரிந்துவிடும்.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது? மூக்கு வழியாக நான்கு எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, வாய் வழியாக ஆறிலிருந்து எட்டு எண்ணிக்கைக்கு விடுவது, இரண்டு மூன்று நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விட்டால் தலைசுற்றல்தான் மிஞ்சும். மூச்சு பிடிபடாத அளவுக்குக் கொதிப்பு இருந்தால், குளிர்ந்த நீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை 15 முதல் 30 விநாடி அமிழ்த்துவது வேகமாக வேலை செய்யும். துடிப்பைக் குறைக்கும் அனிச்சைச் செயல் ஒன்றை அது தூண்டுகிறது. இதய நோய் உள்ளவர்கள், துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. ஐஸ் கட்டி போட்டு உறைய வைக்கவும் வேண்டாம்.

செய்யக் கூடாதது: தலையணையைக் குத்துவது, வண்டியை விரட்டுவது, நண்பருக்குப் போன் போட்டு முழுக் கதையையும் ஆத்திரத்தோடு ஒப்பிப்பது. கொட்டித் தீர்த்தால் அடங்கும் என்பது பரவலான நம்பிக்கை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட சோதனையில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் தேவலை.

குறிப்புப் பெட்டியில் எழுத வேண்டிய ஐந்து வரி

சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகு செயலி மூன்று கேள்வி கேட்கும்: என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், யாரோடு, எங்கே. இவற்றுக்குக் குறிச்சொற்களைத் தொட்டால் போதும். அன்றாட மனநிலைக்கு இது தாராளம். ஆனால் 'அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு என்ன ஆயிற்று' என்பதற்கு இந்த மூன்றும் விடை தராது. 'அலுவலகம், சக ஊழியர்கள், மீட்டிங்' என்று எத்தனை முறை பதிந்தாலும் தூண்டியது எது என்று தெரியாது. செயலி விட்டுவைத்த பாதி இதுதான். குறிப்புப் பெட்டியில் ஐந்து வரி எழுதினால் அது நிரம்பும். ஒரு மாதிரிப் பதிவு இப்படி இருக்கும்:

ரோஷம். திங்கள் காலை 11.20, மீட்டிங். 'இந்தக் கணக்கை யார் போட்டது?' என்று கேட்டார், என்னைப் பார்த்தார். ஏழு பேர் இருந்தார்கள்.
காது சூடு, தொண்டை அடைப்பு, கை நடுக்கம். பத்துக்கு எட்டு.
மனதில் ஓடியது: 'எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்கிட்டார்.'
செய்யத் தோன்றியது: யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ள. செய்தது: வாய் திறக்கவில்லை. மதியம் ஜூனியரிடம் கத்தினேன்.
இரவு நாலரை மணி நேரத் தூக்கம், இரண்டு காபி, காலை உணவு இல்லை.

முதல் வரியில், அந்த முதல் சொல்லை விட்டால், கேமராவில் பதிவாகக் கூடியது மட்டுமே இருக்க வேண்டும். 'என்னை அவமானப்படுத்தினார்' என்பதைக் கேமரா பதியாது, 'என்னைப் பார்த்தார்' என்பதைப் பதியும். இந்த ஒரு இடத்தில்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன. தீர்ப்பை நிகழ்ச்சி என்று எழுதிவிட்டால் அதற்கப்புறம் ஆராய ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது வரியில் ஓடிய வாக்கியத்தை அப்படியே, அது ஓடிய பேச்சு மொழியிலேயே எழுதுங்கள். 'எனது திறன் மீதான நம்பிக்கை குலைந்தது' என்று நல்ல தமிழில் மாற்றினால் சூடு போய்விடும், கூடவே தடயமும்.

நான்காவது வரிதான் பொக்கிஷம். உணர்ச்சியின் பெயரில் குழப்பம் இருந்தால், என்ன செய்யத் தோன்றியது என்பதைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். எதிராளியைத் தாக்க, பதிலுக்குச் சொல்லத் தோன்றினால் கோபம். ஓடத் தோன்றினால் பயம். ஒளிந்துகொள்ள, தலை குனிய, பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று தோன்றினால் அவமானம். மன்னிப்புக் கேட்கவோ ஈடு செய்யவோ தோன்றினால் குற்ற உணர்வு. கதவைச் சாத்திப் படுக்கத் தோன்றினால் துக்கம். மேலே உள்ள மாதிரியில் எழுதியவர் முதலில் 'கோபம்' என்று நினைத்திருக்கலாம், ஜூனியரிடம் கத்தியதும் கோபம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் தோன்றியது ஒளிந்துகொள்ள. கீழே இருந்தது அவமானம், மதியம் மேலே வந்தது கோபம். அவமானத்தைத் தாங்குவதைவிடக் கோபத்தைத் தாங்குவது எளிது என்பதால் மனம் இந்த மாற்றத்தை நொடியில் செய்துவிடும். செயலியில் எப்போதும் ஒரே சிவப்புச் சொல் விழுந்துகொண்டிருந்தால் இந்த வரியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அரை மணி கழித்து இன்னொரு பதிவு போடுவதும் உதவும். முதல் பதிவில் மேல் உணர்ச்சி வரும், இரண்டாவதில் கீழே இருந்தது வரும்.

ஐந்தாவது வரி கவர்ச்சியற்றது, எனவே எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தூக்கம், பசி, காபி, மாதவிடாய் நாள், உடல் வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. இவை எதிர்வினையை உண்டாக்காது, ஆனால் பத்துக்கு நாலாக இருக்க வேண்டியதை எட்டாக்கும். உடலின் படபடப்புக்கு மனம் அருகில் கிடைத்த காரணத்தை ஒட்டிவிடும் என்பதை 1974-இல் கனடாவின் ஒரு தொங்கு பாலத்தில் டட்டன், ஆரன் என்ற இருவர் நடத்திய சோதனை காட்டியது. ஆடும் உயரப் பாலத்தைக் கடந்து வந்த ஆண்களில், எதிரே நின்ற பெண்ணுக்குப் பிறகு போன் செய்தவர்கள் உறுதியான பாலத்தைக் கடந்தவர்களைவிட அதிகம். பாலம் தந்த படபடப்பு ஈர்ப்புக் கணக்கில் வரவானது. இரண்டு காபி தரும் படபடப்பு மேலாளர் கணக்கில் ஏறாது என்று என்ன நிச்சயம்?

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரியில் பாதி தானாக நிரம்பும். ஹெல்த் செயலியோடு இணைத்தால் தூக்கமும் நடையும் பதிவோடு சேர்ந்துகொள்ளும்.

எல்லாம் எழுதியபின் ஒரே ஒரு கேள்வி: காட்சிக்கு இந்த எண் பொருந்துகிறதா? ஒரு கேள்வி, ஒரு பார்வை, அதற்குப் பத்துக்கு எட்டு. தூக்கக் குறைவைக் கழித்தாலும் இடிக்கிறது என்றால், மூன்றாவது வரியை எடுத்து, 'இந்த வாக்கியம் இதற்கு முன் எங்கே ஓடியது?' என்று பார்க்கலாம். வகுப்பறையில் எழுப்பி நிறுத்தியதாக இருக்கலாம், பந்தியில் சித்தப்பா அடித்த கிண்டலாக இருக்கலாம். பழைய பாக்கி புதிய ரசீதில் சேர்ந்திருக்கும். இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். 'ஏன், ஏன்' என்று தோண்டிக்கொண்டே போனால் புரிதல் வராது, அசைபோடல்தான் வரும். அசைபோடல் உணர்ச்சியை நீட்டிக்கும். உளவியலாளர் ஈதன் க்ராஸ் ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடிய ஒரு தந்திரம்: 'நான்' என்பதற்குப் பதில் தன் பெயரையே போட்டு, வேறொருவரைப் பற்றி எழுதுவது போல எழுதுவது. அசட்டுத்தனமாகத் தோன்றும், எழுதிப் பார்த்தால் தூரம் கிடைக்கும்.

வரைபடங்களும் நிமிட வீடியோக்களும்

மூன்று வாரம் பதிந்த பிறகு பகுப்பாய்வுப் பக்கம் பேசத் தொடங்கும். எந்த வண்ணம் எத்தனை முறை, எந்த ஆளோடு, எந்த இடத்தில். இங்கே இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். ஒன்று, மனம் கெட்டபோது மட்டும் பதிவது. அப்படிச் செய்தால் வாழ்க்கையே சிவப்பாகத் தெரியும். நினைவூட்டலை நாளுக்கு இரண்டாக, தற்செயலான நேரங்களில் வைத்து, அப்போது எப்படி இருந்தாலும் பதிவதுதான் நேர்மையான கணக்கு. மூன்றுக்கு மேல் வைத்தால் இரண்டாவது வாரம் நினைவூட்டலே எரிச்சலாகிவிடும். இன்னொன்று, குறிச்சொற்களைக் கண்டபடி சேர்ப்பது. 'அம்மா', 'அம்மா போன்', 'அம்மா வீடு' என்று மூன்று இருந்தால் கணக்கு மூன்றாக உடையும். சொந்தக் குறிச்சொற்களைத் தமிழிலேயே சேர்க்கலாம், ஆனால் பன்னிரண்டைத் தாண்டவிடாதீர்கள். இடத்தையோ ஆளையோ குறிப்பதைவிடச் சூழலைக் குறிக்கும் சொற்கள் அதிகம் பலன் தரும்: 'பிறர் முன்னால்', 'அவசரம்', 'ஒப்பீடு', 'பணப்பேச்சு', 'பதில் வராத மெசேஜ்'. 'அலுவலகம்' என்பது எதையும் காட்டிக்கொடுக்காது. 'பிறர் முன்னால்' என்பது அலுவலகம், கல்யாண வீடு, குடும்ப வாட்ஸ்அப் குழு மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டிவிடும்.

பதிவு முடிந்ததும் செயலி சில உத்திகளைப் பரிந்துரைக்கும். எண்ணத்தை மாற்றுவது, உடலை அசைப்பது, கவனத்தை நிலைநிறுத்துவது, யாரையாவது நாடுவது என்று நான்கு வகை, பெரும்பாலும் ஒரு நிமிட அளவு வீடியோக்கள். தரம் கலவையாக இருக்கிறது. உடலை அசைக்கும் வகை நன்று. எண்ணத்தை மாற்றும் வகை அமெரிக்கச் சூழலுக்கு எழுதப்பட்டது. எல்லையை வகுத்து நேரடியாகச் சொல்லிவிடும் அந்தத் தொனியை மாமியாரிடம் முயன்றால் அடுத்த பதிவும் சிவப்பில்தான் விழும்.

நண்பர்களோடு உணர்ச்சிகளை உடனுக்குடன் பகிரும் வசதியும் உண்டு. ஒரே ஒரு நம்பகமான தோழிக்கு என்றால் நல்லது. குடும்பத்தினரைச் சேர்த்தால், சிவப்பைப் பார்த்த மறுநிமிடம் 'என்னாச்சு?' என்று போன் வரும், பிறகு பச்சையாகவே பதியப் பழகிவிடுவீர்கள். அதோடு செயலியின் பயன் முடிந்தது.

பதிவுகள் கைபேசியிலேயே இருக்கும், ஆய்வுக்குக் கொடுப்பது நம் விருப்பம் என்பது அமைப்பின் உறுதிமொழி. அதை ஏற்றுக்கொண்டாலும், வீட்டில் கைபேசி கை மாறும் வழக்கம் இருந்தால் அதன் செயலிப் பூட்டைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். 'மனதில் ஓடியது' வரியைப் பிறர் படிக்க நேர்ந்தால் புதிதாக ஒரு பூகம்பம்.

மாற்றுகளையும் சொல்லிவிடலாம். டேலியோ என்ற மனநிலைப் பதிவுச் செயலியில் மனநிலைப் பெயர்களைத் தமிழில் மாற்றி எழுதிக்கொள்ளலாம், அது பெரிய வசதி. ஆனால் அது நாளின் சராசரியைப் பிடிக்கும் கருவி, ஒரு நிமிடத்தின் வெடிப்பைப் பிடிக்காது. ஐபோனில் 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் ஹெல்த் செயலிக்குள் வந்த மனநிலைப் பதிவு, அந்தக் கண உணர்ச்சியையும் நாள் முழுதின் மனநிலையையும் தனித்தனியாகக் கேட்கிறது. வேகமானது, ஆனால் சொல் வளம் குறைவு. ஐந்து பத்தி போட்ட 40 பக்க நோட்டும் ஒரு பேனாவும் மேலே சொன்ன ஐந்து வரிகளுக்குக் குறைவில்லாத கருவி. நினைவூட்டாது, எண்ணாது, அவ்வளவுதான்.

யாருக்கு இது போதாது? எதிர்வினை வந்த நிமிடங்கள் நினைவிலேயே இல்லாதவர்கள், பழைய பயங்கரம் கண்முன் திரும்ப ஓடுபவர்கள், கை நீட்டுபவர்கள் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்கள் செயலியோடு நிற்கக் கூடாது. புதிதாகத் தொடங்கிய படபடப்பும் எரிச்சலும், கூடவே எடைக் குறைவும் கைநடுக்கமும் இருந்தால் தைராய்டு பரிசோதனை முதலில். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய வாரத்தில் வந்த கோபத்துக்கு மனதைக் குடையாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாக, தமிழிலும், கட்டணமின்றிக் கிடைக்கிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

ஆலோசகரிடம் போவதாக இருந்தால், பகுப்பாய்வுப் பக்கத்தின் வண்ணப் படத்தைவிட, பத்துக்கு ஏழுக்கு மேல் போன மூன்று பதிவுகளின் ஐந்து வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள். இவை கையில் இல்லாவிட்டால், முதல் சந்திப்பில் 'எப்ப பார்த்தாலும் கோபம் வருது டாக்டர்' என்பதிலிருந்து தொடங்கி அங்கே வந்து சேரவே பாதி நேரம் போய்விடும்.